பொப்கோர்ன் சீலிங்: சுரண்டுவதா, மூடுவதா, அப்படியே விடுவதா?

பனங்கூடல் | ஜனவரி 9, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கனடாவின் ஸ்காபரோவில் 1976 இல் கட்டிய இரண்டு மாடி வீடு ஒன்றை நவம்பரில் வாங்கினோம். வீடு நல்ல வீடு. குசினியையும் குளியலறையையும் தவிர்த்து எல்லா அறைகளிலும் பொப்கோர்ன் சீலிங் (பொரி ஒட்டியது போலத் தெளித்த பூச்சு), அதுதான் குறை. முன்பிருந்தவர்களின் சமையல் புகையும் சிகரெட்டும் ஏறி மஞ்சளாகிக் கிடக்கிறது. ஒட்டடை அடிக்கப் போனால் ஒட்டடை வராது, சீலிங்தான் கொட்டுகிறது. அம்மா வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை, புட்டு மாவை அள்ளி மேலே எறிஞ்சிருக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

மார்ச் முதல் வாரத்தில் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள். வீட்டிலேயே வைக்கலாம் என்று நினைக்கிறோம். அதற்குள் எல்லாவற்றையும் வழித்து எடுத்து வழுவழுப்பாக்க முடியுமா? யூடியூப்பில் தண்ணீர் அடிக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் தோசை எடுப்பது போல வழித்து எடுக்கிறார்கள். மச்சானும் நானும் சேர்ந்தால் இரண்டு சனி ஞாயிறு போதுமா? அல்லது சுரண்டாமல் அதன் மேலேயே புது ட்ரைவோல் (ஜிப்சம் பலகை) அடித்து மூடுவது சுகமா?

மட்டக்கோல் | ஜனவரி 9, இரவு 10:25

தம்பி, தண்ணீர்ப் போத்தலை முதலில் கீழே வையுங்கள்.

ட்ரைவோல் வேலையில் இருபத்திரண்டு வருடம் நிற்கிறேன். 1976 என்று எழுதிய இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. அந்தக் காலத்துப் பொப்கோர்னில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆய்வுகூடத்தில் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தால்தான் தெரியும். அமெரிக்காவில் 1978 இல் அஸ்பெஸ்டஸ் கலந்த இந்த அலங்காரத் தெளிப்பைத் தடை செய்தபோதுகூட, கையிருப்புச் சரக்கு அதற்குப் பிறகும் சில வருடம் சீலிங்குகளில் ஏறியது. கனடாவில் முழுத் தடை 2018 கடைசியில்தான் வந்தது. அதனால் 1990 க்கு முந்தைய வீடு என்றால் ஆய்வு அறிக்கையைப் பார்க்காமல் நான் ஏணி வைப்பதில்லை.

ஒன்று எடுத்து அனுப்பினால் போதாது. ஒன்டாரியோவின் அஸ்பெஸ்டஸ் வேலைக்கான 278/05 ஒழுங்குவிதியில், ஒரே மாதிரியான பூச்சு 90 சதுர மீற்றருக்குக் குறைவாக இருந்தாலும் மூன்று மாதிரி கேட்கிறார்கள். அந்தக் கலவையை வேலை இடத்திலேயே கலந்து தெளித்தார்கள், எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. மேல் மாடிக்கு மூன்று, கீழ் மாடிக்கு மூன்று என்று தனித்தனியாக எடுங்கள்.

ஆள் வைத்து எடுப்பது நல்லது. நீங்களே எடுப்பதானால் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸை நிறுத்துங்கள். தண்ணீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, அந்த இடத்தில் மெதுவாகத் தெளித்து நனையவிடுங்கள். பலகையின் கடதாசி தெரியும் வரை ஒரு தேக்கரண்டி அளவு வழித்துப் பையில் போட்டு மூடி, எந்த அறை என்று எழுதுங்கள். எடுத்த இடத்தில் கொஞ்சம் பெயின்ற் தடவிவிடுங்கள். சிந்தியதை ஈரத் துணியால் துடையுங்கள். வீட்டு வக்யூம் வேண்டாம், அது தூசியைப் பின்பக்கத்தால் திரும்ப வீட்டுக்குள்ளேயே ஊதிவிடும்.

இன்னொன்று. ட்ரைவோல் பொருத்துகளில் பூசிய 'மட்' என்ற நிரப்புக் கலவையிலும் ஒரு மாதிரி எடுங்கள். பொப்கோர்ன் சுத்தமாக இருந்து மட்டில் அஸ்பெஸ்டஸ் வந்த வீடு நான் பார்த்திருக்கிறேன்.

ஒட்டடைக்கம்பு | ஜனவரி 10, காலை 7:15

ஊரில் அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழேதான் படுத்து எழும்பினோம். அதில் வழிந்த மழைத்தண்ணியைப் பிடித்துக் குளித்தோம். இங்கே வந்ததும் எல்லோருக்கும் சுவாசப்பை கண்ணாடி ஆகிவிட்டது. ஒரு பின்னேரத்தில் வழித்து எறிந்துவிட்டுப் பிறந்தநாள் கேக்குக்குச் சொல்லுங்கள்.

மட்டக்கோல் | ஜனவரி 10, மதியம் 12:30

ஒட்டடைக்கம்பு அண்ணை, ஊர்ச் சீற்றில் நார் சீமெந்துக்குள் இறுகிக் கிடக்கும். வெட்டினால், துளைத்தால், உடைத்தால்தான் பறக்கும். பொப்கோர்ன் விரலால் நசித்தாலே மாவாகும். காய்ந்தபடி சுரண்டினால் அந்தத் தூசி மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், ஃபேர்னஸ் குழாய் வழியாகப் பிள்ளைகளின் அறைக்கும் போகும். வருத்தம் அடுத்த கிழமை வராது, இருபது நாற்பது வருடம் கழித்து வரும். அதனால்தான் பலர் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள்.

பயமுறுத்த எழுதவில்லை. தொடாமல், உடையாமல் இருக்கும் சீலிங்குக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கலாம்.

தாமிரபரணி | ஜனவரி 10, இரவு 8:05

நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீடு 1986 இல் கட்டியது. ஆய்வில் ஒன்றும் இல்லை என்று வந்தது, ரொம்ப சந்தோஷமாக ஆரம்பித்தேன். தண்ணீர் அடித்தேன், அரை மணி நேரம் காத்திருந்தேன், ஒன்றும் அசையவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, முன்பிருந்தவர் அதன்மேல் இரண்டு கை பெயிண்ட் அடித்திருக்கிறார். பெயிண்ட் ஏறிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது. மேலாகக் காய்ந்தபடி தட்டி, பெயிண்ட்டை உடைத்து, அப்புறம் நனைத்து என்று ஒரே ஒரு அறைக்கு மூன்று நாள். கோபத்தில் தண்ணீரை அதிகமாக அடித்ததில் ஜிப்சம் பலகையின் தாள் ஊறிக் கிழிந்து தொங்கியது.

அதனால் பெரிய திட்டம் போடும் முன், ஆய்வு முடிவு வந்த பிறகு, அலமாரிக்குள் ஒரு சதுர அடி மட்டும் நனைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தயிர் மாதிரி வந்தால் அதிர்ஷ்டம்.

சுரண்டுவதை வைத்து நாட்களைக் கணக்குப் போடாதீர்கள். நம்ம ஊரில் பட்டி பார்ப்பார்களே, அந்த வேலைதான் பாதிக்கு மேல். இவர்கள் பொப்கோர்ன் அடித்ததே பட்டி பார்க்கிற கூலியை மிச்சம் பிடிக்கத்தான்.

லண்டன்_மாமி | ஜனவரி 11, மாலை 4:50

எங்கள் ஹரோ வீட்டில் சீலிங்கில் ஆர்டெக்ஸ் என்ற கோலப் பூச்சு, விசிறி விசிறியாக. இங்கேயும் எண்பதுகளின் நடுப்பகுதி வரை அதில் வெள்ளை அஸ்பெஸ்டஸ் கலந்தார்கள், 1999 இல்தான் முழுக்கத் தடை. ஆனால் இங்கே பெரும்பாலும் யாரும் சுரண்டுவதில்லை. கூரான முனைகளை ஈரமாக்கித் தட்டி எடுத்துவிட்டு, பிடிப்புக்கு ஒரு பிரைமர் பூசி, மேலே இரண்டு கை பிளாஸ்டர் இழுத்துவிடுவார்கள். எங்களுக்கு வந்தவர் காலையில் வந்து பின்னேரம் முடித்துவிட்டுப் போனார். கண்ணாடி மாதிரி இருக்கிறது. நீங்களும் அப்படியே செய்யலாமே?

மட்டக்கோல் | ஜனவரி 11, இரவு 9:10

அக்கா, ஆர்டெக்ஸ் கல்லு மாதிரி. மேலே எதை இழுத்தாலும் தாங்கும். பொப்கோர்ன் அப்படியில்லை, பெயின்ற் அடிக்காத பொப்கோர்னுக்கு மேலே ஈர மட்டை இழுத்தால் அந்த ஈரத்திலேயே இளகி, மட்டோடு சேர்ந்து தலையில் விழும். வீடியோவில் செய்கிறார்கள்தான், ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சீலிங் எப்படி இருக்கிறது என்று காட்டுவதில்லை.

பனங்கூடல் | ஜனவரி 23, இரவு 8:20

அறிக்கை வந்துவிட்டது. கீழ் மாடி மூன்று மாதிரியிலும் இல்லை. பொருத்து மட்டிலும் இல்லை. மேல் மாடி மூன்றிலும் கிறைசோடைல் (வெள்ளை அஸ்பெஸ்டஸ்), 2 சதவீதம்.

ஒரே வீட்டில் இது எப்படி என்று தலை சுற்றியது. பக்கத்து வீட்டுக் கிழவர்தான் விடையைச் சொன்னார். தொண்ணூறுகளில் மேலே குளியலறைக் குழாய் வெடித்து, கீழ் சீலிங் முழுவதும் இறங்கி, திரும்பப் போட்டார்களாம். திரும்பப் போட்டவர்கள் ஏன் திரும்பவும் பொப்கோர்னையே போட்டார்கள் என்று கேட்க அவர்கள் இப்போது இல்லை.

2 சதவீதம் என்பது சின்ன அளவு இல்லையா? மனைவிக்கு மேலே படுக்கையறைகளில், சீலிங்குக்குள் பதிக்கும் பொட் லைற் வேண்டும் என்று வேறு ஆசை.

தாமிரபரணி | ஜனவரி 23, இரவு 9:00

எங்கள் பக்கம் 1 சதவீதத்துக்கு மேல் போனாலே அஸ்பெஸ்டஸ் பொருள் என்றுதான் கணக்கு. உங்களுக்கு அதைவிடக் கடுமை என்று நினைக்கிறேன்.

மட்டக்கோல் | ஜனவரி 23, இரவு 10:40

ஒன்டாரியோவில் 0.5 சதவீதம். ஆகவே மேல் மாடியில் நீங்களும் மச்சானும் கை வைக்கும் கதை முடிந்தது. உதிரும் தன்மையுள்ள பொருளில் ஒரு சதுர மீற்றருக்கு மேல் அகற்றினால் அது மூன்றாம் வகை வேலை, ஆகக் கடுமையான வகை. அறையைப் பிளாஸ்ரிக்கால் அடைத்து, நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த விசிறியால் உள்காற்றை இழுத்து, ஆட்கள் உடுப்பு மாற்றிக் குளித்து வெளியே வரும் அளவுக்கு ஏற்பாடு வேண்டும். காசு நோகும். ஆனால் என்னைக் கேட்டால் செய்தால் ஒரே அடியாக அப்படிச் செய்யுங்கள், இல்லாவிட்டால் தொடவே தொடாதீர்கள்.

புது ட்ரைவோலால் மூடலாமே என்று கேட்பீர்கள். மூடலாம், பலர் மூடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஸ்குரூவும் அந்தப் பூச்சைத் துளைத்துத்தான் போகும், அதனால் அதற்கும் விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். மூடிய பிறகு உள்ளே இருப்பது மறந்தும் போகும். பத்து வருடம் கழித்து மின்விசிறி மாட்ட வருகிற பெடியன் வாளால் வெட்டித் தலையில் கொட்டிக்கொள்வான். மூடினால் அட்டிக் (கூரைக்குக் கீழுள்ள வெற்றிடம்) கதவின் உட்பக்கத்தில் மார்க்கரால் பெரிதாக எழுதி, அறிக்கையின் பிரதியையும் ஒட்டிவையுங்கள். வீடு விற்கும்போதும் சொல்லிவிடுங்கள்.

பொட் லைற்றை மேல் மாடியில் மறந்துவிடுங்கள் என்பேன். ஒவ்வொரு ஓட்டையும் அஸ்பெஸ்டஸ் வேலை. அது போகட்டும், அந்தச் சீலிங்குக்கு மேலே அட்டிக். ஓட்டை போட்டால் நீராவித் தடுப்புப் பிளாஸ்ரிக்கும் கிழியும், குளிர்காலத்தில் வீட்டின் சூடான ஈரக் காற்று அதால் ஏறி அட்டிக்கில் உறைந்து, வெயில் வந்ததும் சொட்டும். காற்றுப் புகாத, இன்சுலேஷனுக்குள் இருக்கத்தக்க வகை லைற் என்றால் ஓரளவு சரி. அட்டிக்கைத் திறந்து பார்க்கும்போது, வெள்ளியும் பழுப்புமாகச் சின்னக் கூழாங்கல் போல இன்சுலேஷன் கிடந்தால் உடனே மூடுங்கள். அது வெர்மிக்குலைட். அதிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்.

ஒட்டடைக்கம்பு | ஜனவரி 24, காலை 6:50

சரி, நான் வாயைக் கொடுத்தது பிழை. கீழ் மாடியில் லைற் போடுவதானால் மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபையின் அனுமதி எடுங்கள். உங்கள் வீட்டு வருடத்துக்கு அலுமினிய வயரும் இருக்கலாம், லைற் கழற்றும்போது எலக்ட்ரீஷியனை அதையும் பார்க்கச் சொல்லுங்கள். என் வீட்டில் இருந்தது. காப்புறுதிக்காரர் கேட்டபோதுதான் எனக்கே தெரியும்.

பனங்கூடல் | ஜனவரி 24, இரவு 7:30

முடிவு எடுத்தாயிற்று. மேல் மாடி இப்போதைக்கு அப்படியே. கோடையில் காசு சேர்த்து அதற்குரிய ஆட்களைக் கொண்டு எடுப்போம். கீழே ஹோலும் சாப்பாட்டு அறையும் மட்டும், கிட்டத்தட்ட 380 சதுர அடி, நாங்களே. மேல் மாடிச் சீலிங்குக்குப் பெயின்ற் அடித்து உதிர்வதையாவது நிறுத்தலாமா?

மட்டக்கோல் | ஜனவரி 24, இரவு 9:15

ரோலர் உருட்டினால் ஈரத்தில் உரிந்து ரோலரோடு வரும். ஸ்பிரேயால் அடித்தால் இறுகும்தான், ஆனால் தாமிரபரணி சொன்ன கதை உங்களுக்கும் வரும், கோடையில் எடுக்கிறவர்களுக்கு இரட்டை வேலை. எடுப்பது நிச்சயம் என்றால் சும்மா விடுங்கள். பிள்ளைகளை மேல் கட்டிலில் இருந்து பந்து எறிய விடாதீர்கள், அது போதும்.

கீழே தொடங்கும்போது தரைக்கு ஆறு மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிப்புப் பிளாஸ்ரிக், சுவருக்கு மெல்லியது. அந்த அறைகளின் காற்றுத் துவாரங்களையும், காற்றை ஃபேர்னஸுக்குத் திரும்ப இழுக்கும் குழாயையும் மூடுங்கள். லைற் பிரேக்கரை இறக்குங்கள், தண்ணீர் அடிக்கப் போகிறீர்கள். பூச்சிமருந்து அடிக்கும் பம்ப் தெளிப்பானில் புதிது வாங்குங்கள். ஒரு தடவை மென்மையாக, பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. ஒருமிக்க முழு அறையையும் நனைக்காதீர்கள், நாலடிக்கு நாலடியாகப் போங்கள். சுரண்டும் தகட்டின் இரண்டு மூலைகளையும் அரத்தால் உருட்டிவிடுங்கள். கூர் மூலைதான் கடதாசியைக் கிழிப்பது.

பனங்கூடல் | பெப்ரவரி 8, இரவு 11:20

எடுத்து முடிந்தது. தளபாடம் ஒதுக்கிப் பிளாஸ்ரிக் கட்ட ஒன்றரை நாள். சுரண்ட ஆறு மணித்தியாலம்தான். தாமிரபரணி சொன்ன தயிர் அப்படியே வந்தது. மச்சானின் தாடிக்குள் இருந்து இரண்டு நாளைக்கு எடுத்தோம்.

ஆனால் உள்ளே பார்த்தால் அழுகை வருகிறது. பொருத்துகளில் கடதாசி ரேப்பும் (ஒட்டும் நாடா) அதன்மேல் ஒரேயொரு மெல்லிய மட்டும்தான். ஸ்குரூத் தலைகள் தெரிகின்றன. இரண்டு இடத்தில் பலகைகள் ஒன்றுக்கொன்று மேடு பள்ளம். நான் நாலைந்து இடத்தில் கடதாசியையும் கிழித்துவிட்டேன், பழுப்பாகத் தெரிகிறது.

மட்டக்கோல் | பெப்ரவரி 9, காலை 6:10

அதுதான் வீடு கட்டியவரின் ரகசியம். பொப்கோர்ன் வரும் என்று தெரிந்தால் யார் மூன்று கை மட் பூசுவார்கள்?

கிழிந்த இடத்தில் நேரே மட் பூசாதீர்கள், ஈரத்தில் அந்தப் பழுப்புக் கடதாசி கொப்புளிக்கும். தொங்குவதைக் கத்தியால் வெட்டி, விளிம்பை மெதுவாகத் தேய்த்து, அதற்கென்று உள்ள சீலர் பூசிக் காயவிடுங்கள். சிகரெட் மஞ்சள் ஏறிய இடங்களுக்கு எண்ணெய் அல்லது ஷெல்லாக் பிரைமர், இல்லாவிட்டால் எத்தனை பெயின்ற் அடித்தாலும் மேலே ஊறி வரும். ஸ்குரூக்களை ஒரு சுற்று உள்ளே இறக்குங்கள். ரேப் கிளம்பிய இடங்களில் கிழித்துப் புதிது ஒட்டுங்கள். பிறகு பொருத்துகளுக்கு இரண்டு கை. அவை காய்ந்த பிறகுதான் முழுச் சீலிங்குக்கும் ஸ்கிம், அதாவது மெல்லிய மட் பூச்சு.

ஸ்கிமுக்கு மட்டில் தண்ணீர் சேர்த்துத் தடித்த பாயாசப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தடித்த ரோலரால் உருட்டி, அகன்ற தகட்டால் இழுங்கள். இரண்டாம் கை குறுக்காக. எங்கள் தொழிலில் இதை ஐந்தாம் நிலை என்பார்கள். சாதாரணமாகப் பெயின்ற் அடிக்கும் சுவர் நான்காம் நிலை. பெரிய யன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் சீலிங்குக்கு நான்கு போதாது.

பனங்கூடல் | பெப்ரவரி 15, இரவு 10:00

ஒரு வாரமாக மட் காயவே இல்லை! நடுவில் கோடு கோடாக வெடித்தும் போனது. என்ன பிழை?

தாமிரபரணி | பெப்ரவரி 15, இரவு 10:30

ஹீட்டரை நிறுத்தி வைத்திருக்கிறீர்களா?

பனங்கூடல் | பெப்ரவரி 15, இரவு 10:34

ஃபேர்னஸை மூடச் சொன்னார்கள் என்று மூடினேன். எல்லோரும் மேலே இரண்டு ஹீட்டருடன் போர்வைக்குள் இருக்கிறோம்.

மட்டக்கோல் | பெப்ரவரி 16, காலை 5:55

ஐயோ தம்பி. மாதிரி எடுக்கும்போது நிறுத்தச் சொன்னேன், சுரண்டும்போது துவாரத்தை மூடச் சொன்னேன். மாசி மாதக் குளிரில் குடும்பத்தை விறைக்க வைக்கச் சொல்லவில்லை. அந்த அறையின் துவாரத்தைத் தேய்க்கும் நேரத்தில் மட்டும் மூடுங்கள். மற்ற நேரம் சூடு ஓடட்டும், ஒரு விசிறியும் வையுங்கள். வெடித்தது தடிப்பாகப் பூசியதால். வழித்துவிட்டு மெல்லியதாக இரண்டு தடவை.

பனங்கூடல் | பெப்ரவரி 25, மாலை 6:40

மட் மூன்று கை, 150 இலக்க மண்தாளில் தேய்த்து 220 இல் முடித்து, பிரைமர், சீலிங் பெயின்ற் ஒரு கை. காலையில் பார்த்தபோது நான் ஒரு கலைஞன். பின்னேரம் மேற்கு யன்னலால் வெயில் விழுந்தது, ஹோலின் நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு நீளக் கோடு. மச்சான் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி போடப் போய்விட்டான்.

மட்டக்கோல் | பெப்ரவரி 25, இரவு 9:20

பலகையின் நீள ஓரம் மெலிந்து இருக்கும், ரேப் அதற்குள் அடங்கும். குறுகிய முனைகள் இரண்டு சந்திக்கும் இடத்தில் அந்தச் சரிவு இல்லை, ரேப் மேலே நிற்கும். அதைக் குறைக்க முடியாது, பரப்பி மறைக்கத்தான் வேண்டும். கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டடி தூரத்துக்கு மட்டை மெலிதாக இழுங்கள். தேய்க்கும்போது எல்.ஈ.டி விளக்கைச் சீலிங்குக்குக் கிட்ட, சுவர் ஓரமாகப் பிடித்துப் பாருங்கள். வெயில் பின்னேரம் காட்டுவதை அது முன்னாலேயே காட்டும். பெயின்ற் துளியும் பளபளப்பில்லாத வகையாக இருக்கட்டும், கொஞ்சம் பளபளப்பு இருந்தாலும் ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

லண்டன்_மாமி | பெப்ரவரி 26, காலை 10:15

தேய்க்கும்போது முகமூடி போடுங்கள் பிள்ளை. அஸ்பெஸ்டஸ் இல்லாவிட்டாலும் அந்த மாவில் சிலிக்கா இருக்கலாம்.

பனங்கூடல் | மார்ச் 8, இரவு 11:45

பிறந்தநாள் முடிந்தது. கோட்டை மூன்றடி வரை பரப்பினேன், இப்போது எங்கே என்று தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும். வந்தவர்கள் யாருமே சீலிங்கைப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் "புது சோபாவா?" என்றார், சோபா பழையது.

அம்மாதான் கதிரையில் இருந்தபடி நீண்ட நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, "வடிவாத்தான் இருக்கு. ஆனா கதைச்சா கோயில் மண்டபம் மாதிரி எதிரொலிக்குது" என்றார். உண்மைதான், டிவியின் சத்தமும் ஏறியிருக்கிறது.

மட்டக்கோல் | மார்ச் 9, காலை 6:05

பொப்கோர்ன் கொஞ்சம் சத்தம் குடிக்கும். தரையில் ஒரு கார்ப்பெற் விரித்து, யன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். மேல் மாடிக்கு ஆள் பிடிக்கும்போது, எடுத்து முடித்த பிறகு காற்றைப் பரிசோதித்து அறிக்கை தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

ஒட்டடைக்கம்பு | மார்ச் 9, காலை 7:30

அந்த எல்.ஈ.டி விளக்கும் நீளப் பிடி வைத்த தேய்ப்பானும் சும்மா கிடந்தால் சொல்லுங்கள் தம்பி. என் வீடு 1981. முதலில் மாதிரி அனுப்பிவிட்டுத்தான் வருவேன்.